கலப்புக் கல்வியா, கலப்படக் கல்வியா?

வகுப்பறை பழங்காலத்துச் சரக்கு, வாத்தியார் பழங்காலத்துச் சரக்கு, இனி செல்போனே கல்லூரி என்று பேசும் கனவான்கள் நாட்டில் பெருகிவிட்டார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் வேறு வழியில்லாமல் நடந்த ஒரு காரியத்தை, நோய் போன பிறகு புதிய வேதமாக்கி ஓதுகிறார்கள். பாதி வகுப்பறையில், பாதி ஆன்லைனில். இதற்கு 'கலப்பு முறைக் கல்வி' என்று பெயரும் சூட்டிவிட்டார்கள்.

எல்லாப் பாடங்களையும் பற்றி இங்கே எழுத இடமில்லை. மொழிப் பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்பில் சேரும் மாணவர் பகுதி ஒன்றில் தமிழும் பகுதி இரண்டில் ஆங்கிலமும் நான்கு பருவம் படித்தாக வேண்டும். ஏழை வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குள் நுழைந்ததும் முதலில் இடறி விழும் இடம் அந்த ஆங்கில வகுப்பு. தமிழ் வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வரும் விவசாயத் தொழிலாளியின் மகனுக்கு, நெசவாளியின் மகளுக்கு, அச்சமில்லாமல் ஆங்கிலத்தில் நாலு வாக்கியம் பேசவும் எழுதவும் கற்க அதை விட்டால் வேறு இடமும் கிடையாது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு வீட்டிலேயே ஆங்கிலம் இருக்கிறது, கான்வென்டில் இருக்கிறது, தனிப் பயிற்சி இருக்கிறது. ஆகவே மொழி வகுப்பில் கை வைத்தால் யார் தலையில் விடியும் என்பதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

திட்டம் என்ன?

2020 ஜூலை 29-ல் மத்திய சர்க்கார் தேசியக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. 2035-க்குள் உயர்கல்வியில் சேருவோர் விகிதத்தை 50 சதவீதமாக்குவோம் என்றது. நல்ல லட்சியம். வேண்டாம் என்று எந்தத் தொழிலாளி சொல்வான்? ஆனால் அத்தனை பிள்ளைகளுக்கு வேண்டிய கட்டிடம் எங்கே? ஆசிரியர் எங்கே? பணம் எங்கே? தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று கோத்தாரி கமிஷன் 1966-ல் சொல்லிற்று. 1968-ம் ஆண்டுக் கொள்கை அதையே சொல்லிற்று. 2020-ம் ஆண்டுக் கொள்கையும் அதையே சொல்கிறது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த ஆறு இன்னும் ஊர் வந்து சேரவில்லை.

பணம் கொடுக்க மனமில்லை, எண்ணிக்கையை மட்டும் உயர்த்த வேண்டும். அப்படியானால் குறுக்கு வழி ஒன்று வேண்டுமல்லவா? 2021 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு ஒரு கருத்துக் குறிப்பை வெளியிட்டது. ஒவ்வொரு பாடத்திலும் 40 சதவீதம் வரை ஆன்லைனில் நடத்தலாம் என்பது அதன் சாரம். 'ஸ்வயம்' என்னும் மத்திய சர்க்காரின் ஆன்லைன் மேடைக்கு அதே ஆண்டில் வந்த விதிகளோ, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை அந்த மேடையிலேயே படித்து மதிப்பெண் வாங்கலாம் என்றன. 2016-ல் இது 20 சதவீதமாக இருந்தது. ஐந்தே வருஷத்தில் இரட்டிப்பு!

இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு பாடத்தில் நாற்பது ஸ்வயத்துக்குப் போயிற்று. மீதி அறுபதில் நூற்றுக்கு நாற்பது வீதம், அதாவது இருபத்து நான்கு பங்கு, ஆன்லைனுக்குப் போயிற்று. ஆக 64 பங்கு போய், வகுப்பறைக்கு மிஞ்சுவது 36 பங்கு. 'இது கட்டாயமில்லை, அனுமதிதான்' என்பார்கள். காலி இடத்தை நிரப்பப் பணமில்லாத கல்லூரிக்கும், லாபத்துக்காகவே கல்லூரி நடத்தும் தனியார் முதலாளிக்கும் இப்படி ஒரு அனுமதி கொடுத்தால், அவர்கள் அதை எந்த எல்லை வரை பயன்படுத்துவார்கள் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆசிரியர் சங்கங்களும் மாணவர் அமைப்புகளும் இந்தக் குறிப்பை எதிர்த்தது இதனால்தான்.

'பிரசண்ட் சார்!'

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டன. அப்போது தேசிய மாதிரி ஆய்வின் 2017-18 கணக்குகள் கையில் இருந்தன. நாட்டில் கம்ப்யூட்டர் உள்ள குடும்பங்கள் 10.7 சதவீதம், கிராமத்தில் 4.4 சதவீதம். இண்டர்நெட் வசதியுள்ள குடும்பங்கள் 23.8 சதவீதம், கிராமத்தில் 14.9 சதவீதம். இந்தக் கணக்கை மேஜையில் வைத்துக்கொண்டே, எல்லோரும் ஆன்லைனில் படியுங்கள் என்று உத்தரவு போட்டார்கள்.

'அது பழைய கணக்கு, இன்று குப்பத்திலும் செல்போன் இருக்கிறது' என்பார்கள். செல்போன் பரவியிருப்பது உண்மை. செல்போன் இருந்துவிட்டால் மொழி வந்துவிடுமா என்பதற்கு நான் நேரில் கண்ட ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் பகுதி விவசாயத் தொழிலாளர் சங்கத் தோழர் ஒருவருடைய மகள் அந்த ஆண்டில்தான் பி.ஏ. ஆங்கில இலக்கியம் சேர்ந்தாள். வீட்டுக்கு ஒரே போன். தகப்பனார் காலையில் அதை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டால் அன்றைக்கு வகுப்பு இல்லை. போன் வீட்டில் இருக்கும் நாளில் சிக்னல் தேடி ஏரிக்கரை மேட்டுக்குப் போவாள். ஒரு மணி நேர வீடியோ வகுப்புக்கு அரை ஜி.பி.யிலிருந்து ஒரு ஜி.பி. வரை தின்றுவிடும் என்பதால் வீடியோவை அணைத்துவிட்டு வெறும் சத்தத்தை மட்டும் கேட்பாள். ஆண்டு முடிந்ததும் ஒரு நாள், 'வகுப்பெல்லாம் எப்படிம்மா போச்சு?' என்று கேட்டேன்.

'கேட்டுக்கிட்டேதான் இருந்தேன் மாமா. ஆனா நான் பேசவே இல்லை. ஒரு வருஷம் இங்கிலீஷ் வகுப்புல என் வாயிலேர்ந்து வந்தது ரெண்டே வார்த்தை. பிரசண்ட் சார்!'

பக்கத்தில் இருந்த தகப்பனார் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

2021 ஜனவரியில் மாநில சர்க்கார் 9 லட்சத்து 69 ஆயிரம் கல்லூரி மாணவர்களுக்கு, ஏப்ரல் வரை தினம் 2 ஜி.பி. டேட்டா இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தது. அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பல் இல்லாதவனுக்கு முறுக்குக் கொடுத்தால் போதுமா? டேட்டா வந்த பிறகும் அந்தப் பெண் பேசியது அதே இரண்டு வார்த்தைதான். ஏனென்றால் அந்தப் பக்கம் இருந்த ஆசிரியருக்கு அறுபது கறுப்புக் கட்டங்கள் தெரிந்தன. ஒரு முகமும் தெரியவில்லை.

மொழி எப்படி வருகிறது?

'எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றவன், கல்லூரிப் படிக்கட்டை மிதிக்காதவன், உனக்கு மொழிப் போதனையைப் பற்றி என்ன தெரியும்?' என்று பேராசிரியப் பெருமக்கள் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்தது, எனக்கு ஆங்கிலம் வந்த கதை மட்டும்தான்.

சங்க ஆபீசில் ஓய்வுபெற்ற ரயில்வேத் தொழிலாளி ஒருவர் இருந்தார். தினம் காலை ஆங்கிலப் பத்திரிகையை என் கையில் கொடுத்து, 'உரக்கப் படிடா தம்பி' என்பார். தப்பாகப் படித்தால் கையை உயர்த்துவார். நிறுத்த வேண்டும். 'என்ன அர்த்தம்?' என்பார். தெரியாது என்றால், 'தெரியாதுங்கிறதையும் இங்கிலீஷிலேயே சொல்லு' என்பார். மூன்று வருஷம் இப்படி. என் வாயைப் பார்த்தார், என் தடுமாற்றத்தைப் பார்த்தார், எந்த இடத்தில் வெட்கப்படுகிறேன் என்பதையும் பார்த்தார். வெட்கப்பட்ட இடத்தில் வேறு யாரும் சிரிக்காமலும் பார்த்துக்கொண்டார். எனக்குத் தெரிந்த மொழிப் போதனை இவ்வளவுதான்.

பொருளாதாரப் பாடத்தை ஒருவன் புத்தகத்தை வைத்துக்கொண்டு தனியாகப் படித்துவிடலாம். மொழிக்கு எதிரே ஆள் வேண்டும். நாம் சொன்னது அவருக்குப் புரிந்ததா என்பது அவர் முகத்தில் தெரிய வேண்டும். புரியவில்லையென்றால் வேறு விதமாய்ச் சொல்லிப் பார்க்க வேண்டும். அந்த முயற்சியில்தான் மொழி நாக்கில் ஏறுகிறது. தமிழுக்கும் இதே கதைதான். 'வாழைப்பழம்' என்று சொல்ல வராத பிள்ளைக்கு நாக்கை எங்கே மடக்குவது என்று ஆசிரியர் வாயைத் திறந்து காட்ட வேண்டும். சிக்னல் திணறும் போனில் லகரமும் ளகரமும் ழகரமும் ஒரே கஞ்சியாய்க் குழைந்து வரும்போது எதைத் திருத்துவது, எதைக் கற்பது?

எழுத்துப் பயிற்சி இன்னும் முக்கியம். ஒரு மாணவி ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால், ஆசிரியர் சிவப்பு மையில் திருத்தி, அருகில் நிற்க வைத்து, 'இந்த வாக்கியம் ஏன் தப்பு தெரியுமா?' என்று சொல்ல வேண்டும். ஆன்லைன் பரீட்சையில் நான்கு விடையில் ஒன்றைத் தொட்டால் போதும். தொடத் தெரிந்தவர்களை உற்பத்தி செய்துவிட்டு, எழுதத் தெரியவில்லையே என்று பிறகு அவர்களையே இளப்பமாகப் பேசுவார்கள்.

நாம் இயந்திரத்துக்கு விரோதிகளா?

கம்யூனிஸ்டுகள் கம்ப்யூட்டருக்கு எதிரிகள் என்ற பழைய பாட்டை உடனே எடுத்துவிடுவார்கள். அந்தப் பாட்டுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன்.

இயந்திரம் நமக்கு விரோதியல்ல. அது யார் கையில் இருக்கிறது, ஆளோடு சேர்ந்து நிற்கிறதா, ஆளைத் துரத்திவிட்டு நிற்கிறதா என்பதுதான் கேள்வி. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-ல் தபால்வழிக் கல்வியைத் தொடங்கியபோது எத்தனையோ ஆலைத் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் ராத்திரியில் படித்துப் பட்டம் பெற்றார்கள். பிரிட்டனில் 1969-ல் அமைந்த திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ரேடியோவையும் டெலிவிஷனையும் வைத்துப் பாடம் நடத்தியது; கூடவே பகுதிதோறும் பயிற்றாசிரியர்களையும் வைத்தது, கோடை முகாம்களும் நடத்தியது. 2001-ல் தமிழ்நாட்டில் தொடங்கிய தமிழ் இணையப் பல்கலைக்கழகம், தமிழ்ப் பள்ளிக்கூடமே இல்லாத தூர தேசங்களில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் பாட்டும் கொண்டுபோய்ச் சேர்த்தது. இதையெல்லாம் வரவேற்காதவன் மூடன்.

சோஷலிஸ்ட் கியூபாவைப் பாருங்கள். 1961-ல் லட்சம் இளைஞர்களை மலைக்கும் வயலுக்கும் அனுப்பி ஏழு லட்சம் பேருக்கு எழுத்தறிவு கொடுத்த நாடு அது. அதே நாடு பிற்காலத்தில், 'என்னால் முடியும்' என்று பொருள்படும் ஸ்பானியப் பெயரில் ஒரு வீடியோ பாடமுறையை வகுத்தது. மொத்தம் 65 வீடியோ பாடங்கள். வெனிசுலாவில் 2003-ல் தொடங்கிய எழுத்தறிவு இயக்கம் இதைக் கொண்டுதான் நடந்தது. 2006-ல் யுனெஸ்கோ இதற்கு எழுத்தறிவுப் பரிசு கொடுத்தது. இதுவும் கலப்பு முறைதான்! ஆனால் எப்படிப்பட்ட கலப்பு? டெலிவிஷன் பெட்டி ஓடும். அதன் பக்கத்திலேயே அந்த ஊரைச் சேர்ந்த ஒரு வழிகாட்டி இருப்பார். யாருக்குப் பென்சில் பிடிக்க வரவில்லை, யார் நேற்று வரவில்லை, ஏன் வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். வராதவர் வீட்டுக்கே போவார். அது எழுத்தறிவு, இது பல்கலைக்கழகப் படிப்பு என்று வித்தியாசம் சொல்லலாம். வித்தியாசம் உண்டுதான். ஆனால் அ, ஆ எழுதவே பெட்டிக்குப் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது என்றால், அந்நிய மொழியில் கட்டுரை எழுதக் கற்பதற்கு வேண்டாமா?

யாருக்கு லாபம்?

நமது ஊர்க் கலப்பில் ஆள் எங்கே என்று தேடுவோம். தமிழ்நாட்டு அரசுக் கலைக் கல்லூரிகள் பலவற்றில் காலை ஒரு ஷிப்டு, மதியம் ஒரு ஷிப்டு. ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள் இந்தக் கல்லூரிகளைத் தோளில் சுமந்து வந்திருக்கிறார்கள். பெயரில்தான் கௌரவம்! மாதம் 50,000 ரூபாய் வரை கொடுக்கலாம் என்று மானியக் குழு 2019-லேயே சொல்லியும், 2024-ல் அவர்களுக்குக் கிடைத்தது 25,000 ரூபாய். அந்த ஆண்டு மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் நடக்க வேண்டிய பரீட்சை தள்ளிப்போயிற்று. ஆளை நியமிக்காமல் காலம் கடத்துவது, பிறகு 'ஆள் இல்லை, ஆகவே ஆன்லைன்' என்பது! தாகத்தால் தவிக்க விட்டு உப்புத் தண்ணீர் விற்கிற வேலை இது.

ஒரு முறை பாடத்தைப் பதிவு செய்துவிட்டால் ஆசிரியர் எதற்கு? இது கற்பனை பயமல்ல. கனடாவில் மாண்ட்ரியல் நகரின் கான்கார்டியா பல்கலைக்கழகத்தில், ஆன்லைனில் கலை வரலாறு படித்த மாணவர் ஒருவர் 2021 ஜனவரியில் தம் பேராசிரியருக்குக் கடிதம் எழுத நினைத்து அவரைப் பற்றித் தேடினார். பேராசிரியர் 2019-லேயே காலமாகிவிட்டார் என்று தெரிந்தது! செத்தவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். உயிருள்ள உழைப்பின் மேல் செத்த உழைப்பு ஏறி உட்காருவதைப் பற்றி மார்க்ஸ் விளக்கியிருக்கிறார். அதற்கு இதைவிட நேரான உதாரணம் கிடைக்குமா? இறந்தவரிடம் மாணவன் என்ன சந்தேகம் கேட்பான்?

டேட்டா விற்பவர்களுக்கும் லாபம். 2024 ஜூலையில் மூன்று பெரிய தனியார் செல்போன் கம்பெனிகளும் சொல்லிவைத்தாற்போல் ஒரே வாரத்தில் கட்டணத்தைக் கூட்டின. படிப்பை டேட்டாவுக்குள் தள்ளினால், கட்டண உயர்வு ஒவ்வொன்றும் கல்விக் கட்டண உயர்வுதான். கல்லூரி கட்ட வேண்டிய சர்க்காரின் செலவு, கூலிக்காரன் ரீசார்ஜ் செய்யும் செலவாக மாறுகிறது. ஸ்வயத்தில் பாடம் கேட்பது இலவசம் என்கிறார்கள். பரீட்சை எழுதிச் சான்றிதழ் வாங்கப் போனால் பணம் கட்ட வேண்டும்.

கம்பெனிப் பாடங்களின் கதி என்ன? 2011-ல் தோன்றிய பைஜூஸ் கம்பெனியை 2022-ல் 2,200 கோடி டாலர் பெறும் என்று புகழ்ந்தார்கள். 2024 ஜூலையில் அது திவால் நடவடிக்கைக்குள் போயிற்று. டூயோலிங்கோ என்ற மொழிப் பயிற்சிக் கம்பெனி, செயற்கை அறிவு செய்யக்கூடிய வேலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை அமர்த்துவதைப் படிப்படியாக நிறுத்துவோம் என்று 2025 ஏப்ரலில் அறிவித்தது. லாபம் இருக்கும் வரை பாடம், லாபம் போனால் கடையைச் சாத்து. இப்படிப்பட்டவர்கள் கையிலா நம் பிள்ளைகளின் நாக்கை ஒப்படைப்பது?

நம் பக்கத்துக் குறை

உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்றுள்ள வகுப்பறை சொர்க்கலோகமல்ல. பல கல்லூரிகளில் ஆங்கில வகுப்பு என்றால் ஆசிரியர் நோட்ஸ் சொல்ல, பிள்ளைகள் குனிந்து எழுதுவதுதான். கடையில் கைடு வாங்கி மனப்பாடம் செய்து பாஸ் செய்கிறார்கள். எழுபது பேர் உட்கார்ந்த வகுப்பிலும் கடைசி பெஞ்சுப் பெண் சொல்வது 'பிரசண்ட் சார்' மட்டும்தான். கூச்சமுள்ள பிள்ளை தனியாகக் காதில் மாட்டிக்கொண்டு ஒரு வாக்கியத்தைப் பத்துத் தடவை கேட்பதற்கு இயந்திரம் உதவும், அலுக்காது, அதட்டாது. ராத்திரி ஷிப்டு வேலை செய்து படிக்கும் இளைஞன், தவறவிட்ட வகுப்பைப் பதிவில் கேட்க முடிந்தால் அது பெரிய உபகாரம். இதை மறுத்து, வகுப்பறையில் இருப்பதெல்லாம் சரி என்று வாதாடினால் மாணவர்கள் நம்மை நம்ப மாட்டார்கள். ஆசிரியத் தோழர்களுக்கும் இதைச் சொல்லியாக வேண்டும்: வகுப்பில் மாணவனைப் பேச விடாமல் நாமே பேசிக்கொண்டிருந்தால், 'இதற்குப் பதிவு செய்த பாடமே போதுமே' என்று எதிரி சொல்வதற்கு நாமே சாட்சி சொன்னதாகும்.

எது செய்ய வேண்டும்?

ஆகவே வெறுமனே 'ஆன்லைன் ஒழிக' என்பது நம் கோஷமாக இருக்க முடியாது. நமது கோரிக்கைகள் இவை:

1. மொழி வகுப்பின் நேரத்தில் ஒரு மணியைக்கூட ஆன்லைனுக்காக வெட்டக் கூடாது. ஆன்லைன் பாடம் வகுப்புக்கு மேல் கூடுதல் உதவியாக இருக்கட்டும்.

2. பேச்சுக்கும் எழுத்துக்கும் முப்பது பேருக்கு மேற்படாத பயிற்சிக் குழுக்கள் வேண்டும். அதற்குரிய ஆசிரியர் இடங்களை உடனே நிரப்ப வேண்டும். நிரப்பும் வரை கௌரவ விரிவுரையாளர்களுக்கு மானியக் குழு சொன்ன 50,000 ரூபாயை ஆண்டு முழுவதும் கொடுக்க வேண்டும்.

3. கல்லூரிக் கம்ப்யூட்டர் அறைகளும் மொழி ஆய்வுக்கூடங்களும் பூட்டுப் போட்டுக் காட்சிக்கு வைக்கும் பொருள்களல்ல. மாலையிலும் விடுமுறையிலும் திறந்து வைக்க வேண்டும். கிராம நூலகங்களிலும் இந்த வசதி வேண்டும்.

4. தமிழ் வழி வந்த பிள்ளைக்குத் தமிழின் மூலம் ஆங்கிலம் கற்பிக்கும் பாடங்களை, நமது பல்கலைக்கழகங்களே நமது ஆசிரியர்களைக் கொண்டு தயாரித்து இலவசமாய்க் கொடுக்க வேண்டும். பதிவான பாடம் அந்த ஆசிரியரின் உழைப்பு; அவர் சம்மதமின்றிப் பயன்படுத்தவோ, அதைக் காட்டி அவர் இடத்தை ஒழிக்கவோ கூடாது.

5. ஆன்லைன் பரீட்சைக் கட்டணத்தை ரத்து செய்ய வேண்டும். பொதுத்துறைத் தொலைபேசி மூலம் மாணவர்களுக்கு இலவச இணைப்புக் கொடுக்க வேண்டும்.

தோழர்களே! 1990-ம் ஆண்டை ஒட்டி எர்ணாகுளத்திலும், அடுத்துப் புதுக்கோட்டையிலும் அறிவொளி இயக்கம் நடந்தபோது அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் தொண்டர்கள் தெருத்தெருவாய் உட்கார்ந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தத் தாய்மார்களின் பேத்திகள்தான் இன்று கல்லூரி வாசலில் நிற்கிறார்கள். பாட்டிக்கு எதிரே உட்கார ஆள் இருந்தது. பேத்திக்கு எதிரே கறுப்புக் கட்டத்தை வைக்கிறார்கள்.

மாணவர் சங்கமும் ஆசிரியர் சங்கமும் தனித்தனியே மனுக் கொடுத்துக்கொண்டிருந்தால் போதாது. விவசாயத் தொழிலாளர் சங்கமும் ஆலைத் தொழிலாளர் சங்கமும் இதைத் தங்கள் வீட்டுப் பிரச்னையாக எடுக்க வேண்டும். ஒவ்வொரு கிளையும் தன் பகுதிக் கல்லூரியில் மொழி ஆசிரியர் இடம் எத்தனை காலி என்று விசாரித்து எழுதிக் கேட்கட்டும். பெற்றோர் கூட்டம் போடட்டும். சங்க ஆபீசுகளில் மாலையில் ஒரு மணி நேரம், தெரிந்தவர் தெரியாதவருக்கு எதிரே உட்கார்ந்து, 'உரக்கப் படி தம்பி, உரக்கப் படி தங்கச்சி' என்று சொல்லட்டும்.

எங்கள் ஆபீசில் ஆரம்பித்துவிட்டோம். ஏரிக்கரை மேட்டில் ஒரு வருஷம் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாளே, அந்தப் பெண்தான் இப்போது அங்கே வாத்தியார்.